லிஃப்ட் கிட்டைக் கடைசியில் வாங்குங்கள்

வணக்கம் மக்களே. அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே நிற்கிறேன். பின்னால் தெரிவது என் தார், மஹிந்திராவின் ஜீப் மாதிரி வண்டி. 2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறை, டீசல், மேனுவல். புதிதாக ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி, வாங்கியவர்கள் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, முதலில் எதைப் போடட்டும்?" கேட்கும்போதே மொபைலில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். முதலில் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்), அப்புறம் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்), அப்புறம் எல்இடி பார், டயர் எங்கோ அடியில். அந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லத்தான் இந்த வீடியோ.

ஒரு பொருளைப் போட்டால் அடுத்த பொருளின் கணக்கு மாறிவிடும், அதுதான் காரணம். டயர் மாறினால் வண்டியின் உயரமும் இழுவையும் மாறும். வின்ச் ஏறினால் முன்பக்கத்து எடை கூடும். ஸ்பிரிங்கோ எடையைப் பார்த்து வாங்க வேண்டிய சாமான். எடை முடிவாவதற்கு முன்பே ஸ்பிரிங் வாங்கினால் அதை இன்னொரு முறை வாங்க நேரிடும். அதனால் தரையில் படுவதிலிருந்து தொடங்குங்கள். எடை ஏற வேண்டியதெல்லாம் ஏறி முடியட்டும். சஸ்பென்ஷன் அதற்குப் பிறகு.

சரி, டயர். கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இதில் எழுதியிருப்பது 245/75 ஆர்16. அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரான சைட்வாலின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 16 இன்ச். இதே தார் எல்எக்ஸ் வகையில் 255/65 ஆர்18 போட்டு வந்தது. 18 இன்ச் ரிம் பார்க்க அழகு. ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 18 இன்ச்சில் சுமார் 166 மில்லிமீட்டர், 16 இன்ச்சில் சுமார் 184. ராமநகரா பக்கம் பாறையில் ஏறும்போது அந்த 18 மில்லிமீட்டர் ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றும். காற்றைக் குறைத்து ஓட்டுவதற்கும் உயரமான சைட்வால்தான் வசதி.

சேற்றுக்கான எம்டி டயரா, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி டயரா? பெங்களூரில் இருந்துகொண்டு வாரம் ஐந்து நாள் அவுட்டர் ரிங் ரோட்டில் ஆபீஸ் போகிறவர் என்றால் ஏடி போதும் என்பது என் உறுதியான கருத்து. எம்டியின் பெரிய கட்டைகள் சகலேஷ்பூர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் அடித்தால் அதே டயர் வழுக்கும், சத்தமும் நாள் முழுக்கக் காதில் விழும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு போகும் சேற்றுக்காக மற்ற எல்லா நாளும் பிரேக்கிங்கை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெரிய சைஸ் போடலாமா என்றும் கேட்கிறார்கள். 245/75 ஆர்16-இலிருந்து 265/75 ஆர்16-க்குப் போனால் டயரின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர் கூடும். அதில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும், அதாவது 15 மில்லிமீட்டர். மீட்டரில் 100 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104-இல் ஓடும். லோ ரேஷியோவில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியரில்) ஊர்ந்து இறங்கும்போது முன்பைவிடச் சற்று வேகமாக இறங்கும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இன்னொன்று, நான்கு வாங்கக் கூடாது, ஐந்து வாங்க வேண்டும். ஸ்டெப்னி வேறு சைஸில் இருந்தால் ஃபோர் வீல் டிரைவில், முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் அது தண்டனை.

டயரைவிட முக்கியமானது அதற்குள் இருக்கும் காற்று. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் வண்டி, ஏரிக்கரைச் செம்மண் சேற்றில் 18 அல்லது 20-க்கு இறக்கியவுடன் வேறு வண்டியாகிவிடும். டயர் தரையில் நீளமாகப் படிந்து, கல்லின் மேல் மடிந்து பிடிக்கும். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு, அங்கே நிறுத்துங்கள். இதற்கு வேண்டியது ஒரு நல்ல கேஜ், ஒரு கம்ப்ரஸர். கம்ப்ரஸரை நேராக பேட்டரியில் மாட்டும் வகையாக வாங்குங்கள். டேஷ்போர்டு சாக்கெட்டுக்கு இருப்பது 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ், பெரிய டயரை நிரப்பும் கம்ப்ரஸரை அது தாங்காது. காற்றை ஏற்றாமல் ஹைவேயில் ஏறவே கூடாது. குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் சைட்வால் சூடாகி வெடிக்கும்.

அடுத்தது ரெகவரி, சிக்கிய வண்டியை வெளியே இழுப்பது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசப்போகிறேன், ஏனென்றால் உயிர் போகும் இடம் இது. வண்டிக்கு அடியில் வளையம் மாதிரி எது தெரிந்தாலும் அதில் கயிற்றை மாட்டிவிடுகிறார்கள். அதில் சில வளையங்கள் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக வைத்தவை, சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும் விசையை அவை தாங்காது. டிரெய்லர் மாட்டும் டோ பால் அதைவிட மோசம். உடைந்தால் அந்த இரும்பு உருண்டை முன் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். அதனால் சேஸியோடு போல்ட் போட்ட, இழுவைக்கென்றே செய்த ரெகவரி பாயின்ட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அப்புறம் நைலான் கைனெட்டிக் கயிறு. இழுக்கும்போது அது ரப்பர் மாதிரி நீண்டு, சுருங்கும்போது வண்டியை வெளியே எடுக்கும். சாதாரண டோ பெல்ட் நீளாது, அதைக் கட்டி ஓடிவந்து இழுத்தால் அத்தனை விசையும் சேஸியில்தான் இறங்கும். கயிற்றை வண்டியோடு இணைக்க இரும்பு ஷேக்கிளுக்குப் பதிலாகக் கயிற்றாலான சாஃப்ட் ஷேக்கிள் வாங்குங்கள். கயிற்றின் நடுவில் நனைத்த கம்பளியோ ஜாக்கெட்டோ போடுங்கள். இழுக்கும் நேரத்தில் கயிறு நீளும் தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, வீடியோ எடுப்பவரும் சேர்த்துத்தான்.

மூன்றாவதாக ஒரு சின்ன வேலை, டிஃபரன்ஷியல் மூச்சுவிடும் பிரீதர் குழாய். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் தாழ்வாக இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சும், சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகவும் நுழையும். ஆயில் பால் நிறமாகிவிடும், பேரிங் போகும். ஒரு ரப்பர் குழாயை என்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும், ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிற குழாய்தான். என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்னார்க்கலுக்குக் காசு சேர்ப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். தாருக்கு மஹிந்திரா சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர். மழை நாளில் நம் ஊர் அண்டர்பாஸில் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்துத் தெரியாது, ஸ்னார்க்கல் இருந்தாலும் இறங்காதீர்கள்.

கோலார் பக்கப் பாறைகளுக்குப் போகிறவர் என்றால் அடிப்பக்கத் தகடு இப்போதே வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸும் டீசல் டேங்கும் மூடியிருக்க வேண்டும். சேற்றுக்கு மட்டும் போகிறவர் காத்திருக்கலாம்.

ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டும் டிஃப் லாக் வாங்குவதற்கு முன்னால் உங்கள் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்ஸ் கூர்காவில் முன், பின் இரண்டு ஆக்ஸிலுக்கும் கம்பெனியிலேயே லாக் வருகிறது. தாரின் சில வகைகளில் பின் ஆக்ஸிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் இருக்கிறது. மாருதி ஜிம்னியில் பிடிப்பில்லாமல் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் முறை. ஜிம்னி எடை குறைந்த வண்டி, அதற்கு இதுவே வெகுதூரம் வரும்.

வின்ச் தனியாகப் போகிறவர்களுக்குத்தான் அவசியம். கூட இன்னொரு ஃபோர் பை ஃபோர் வருமென்றால் கயிறே போதும். வாங்கினால், சுமையோடு சேர்ந்த மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச்சாக வாங்குங்கள். இரும்பு வடத்துக்குப் பதில் சிந்தெடிக் கயிறு என்றால் மூக்கில் ஏறும் எடையும் குறையும். வின்ச்சைத் தாங்க இரும்பு பம்பர் வேண்டும் என்பார்கள், அங்கேதான் சட்டம் குறுக்கே வரும். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம், முன்னால் மாட்டும் இரும்புச் சட்டங்களான புல் பார், கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடிக்கும் விசை எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஏர்பேக் விரியும், நடுவில் இரும்பு வந்தால் அந்தக் கணக்கு கெடலாம். வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அளவுகளிலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எதைப் போடுவதற்கு முன்பும் ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள்.

இப்போது லிஃப்ட் கிட். வண்டியைத் தூக்கினால் எல்லாமே உயரும் என்று நினைக்கிறார்கள். இதோ பின்னால் பாருங்கள், இந்த உருண்டைதான் டிஃபரன்ஷியல், கல்லில் முதலில் இடிப்பது இதுதான். இது ஆக்ஸிலோடு இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் இது ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது, டயர் பெரிதானால் மட்டும் ஏறும். தாரின் முன்பக்கம் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். அங்கே உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, அதன் இணைப்பை மூடும் ரப்பர் உறையான சிவி பூட் சீக்கிரம் கிழியும், சக்கரம் கீழே இறங்கும் தூரமும் குறையும். எங்கள் அம்மா புடவையோடு இந்த வண்டியில் ஏறுகிறார்கள், அதையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

லிஃப்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. வின்ச், தகடு, டிக்கியில் சாமான் எல்லாம் ஏறி முன்பக்கம் தாழ்ந்த பிறகு ஸ்பிரிங் மாற்றுவது நியாயம். அதற்கு முன்னால், டேங்க் நிரப்பி, வழக்கமாக ஏற்றும் சாமானோடு ஒரு வே பிரிட்ஜுக்குப் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, இரண்டுக்கும் சீட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் விற்பவரிடம் அந்த இரண்டு எண்ணைக் கொடுத்து இதற்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். எண்ணைப் பார்க்காமலே "இரண்டு இன்ச் போடலாம் சார்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

உங்களிடம் அந்தச் சீட்டு இருந்தால் வண்டியின் பெயர், டயர் சைஸோடு எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அந்த எண்களை வைத்தே ஸ்பிரிங் பார்க்கலாம். வருகிறேன் மக்களே.