மூன்றாவது பிளக் மட்டும் ஏன் வெள்ளை?

வணக்கம். நான் கார் மெக்கானிக். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் 10 வருஷம், 15 வருஷம் ஓடிய பழைய வண்டிகள்தான். ஆயில் மாத்தணும், ஃபில்டர் மாத்தணும், முடிஞ்சா சாயந்திரமே குடுத்துடுங்க என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

17 வருஷத்துப் பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர். இன்ஜினில் சத்தம் இல்லை, புகை இல்லை, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று மாறிப்போகாமல் ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்றுக்கும் நுனியில் லேசான பழுப்பு நிறம். ஒழுங்காக எரிகிற இன்ஜினில் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது மட்டும் யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பழக்கமில்லாதவர்கள் அதைத்தான் நல்ல பிளக் என்பார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் ஒரே ஒரு பிளக் மட்டும் இப்படி வெளுத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீரை, அதாவது கூலன்ட்டைத்தான். சொட்டுச் சொட்டாக அந்த சிலிண்டருக்குள் இறங்கி, சூட்டில் ஆவியாகி, பிளக்கையே கழுவிவிடும்.

வண்டிக்காரருக்குப் போன் போட்டு, "சார், தண்ணி குறையுதா?" என்று கேட்டேன். "கொஞ்சம்தான், பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் ஊத்துவேன், பழைய வண்டிதானே" என்றார். இந்தப் "பழைய வண்டிதானே" என்கிற வார்த்தையால் கெட்டுப்போன இன்ஜின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூலன்ட் ஓடுகிற பாதை மூடிய பாதை. வண்டிக்கு எத்தனை வயசானாலும் சரி, டப்பாவில் அளவு மாதக்கணக்கில் பெரிதாக இறங்கக் கூடாது. தரையில் சொட்டு விழவில்லை, ஹோஸ் காய்ந்து கிடக்கிறது, ஆனாலும் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் இன்ஜினுக்குள்தான் போகிறது.

சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்ற முடியாது. இதற்கென்று ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது, உள்ளே நீல நிறத் திரவம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து அந்த வாயில் இதைப் பொருத்தி, வண்டியை ஸ்டார்ட் செய்து, மேலே வருகிற காற்றைத் திரவத்துக்குள் இழுக்க வேண்டும். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகிவிடும். அன்றைக்குச் சில நிமிஷத்தில் மஞ்சளாகிவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.

சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தகடு அது. எரிகிற வாயு, கூலன்ட், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் அதுதான் பிரித்து வைக்கிறது. ஒரு தடவை வண்டி நன்றாகச் சூடேறினாலே அலுமினிய ஹெட் லேசாக வளைந்து அங்கே வழி விட்டுவிடலாம். திரும்பக் கேட்டபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது: போன வருஷம் ஃபேன் ஓடாமல் சூடு காட்டுகிற முள் மேலே ஏறியிருக்கிறது, ஓரமாக நிறுத்தி ஆறவைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், ஃபேனை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால், ராத்திரி நிறுத்தின நேரத்தில் சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. காலையில் சாவி போட்டதும், பிஸ்டனோடு இணைந்திருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

சரி, ஆயிலுக்கு வருகிறேன். என்ன ஆயில் ஊற்றுகிறோம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். என் கண் வடிகிற ஆயில் மேல்தான் இருக்கும். கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் இன்ஜினில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். வெயிலில் வைத்துப் பார்க்கும்போது மினுமினுவென்று பொடி தெரிந்தால்தான் நிற்க வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவேன். ஒட்டிக்கொண்டு வந்தால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக மினுங்கினால் பெரும்பாலும் அலுமினியம். செம்பு நிறத்தில் பொடி இருந்தால், உள்ளே சுழல்கிற தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து உள் அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், அந்த வண்டியை நான் அப்படியே திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாக மோர் மாதிரி படிந்திருப்பதைப் பார்த்ததும் சிலர் இன்ஜினே போச்சு என்று சொல்லிவிடுவார்கள். அது அவசரம். குளிரில், தினமும் கொஞ்ச தூரம் மட்டுமே ஓடுகிற வண்டியில் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடியில் மட்டும் அப்படிப் படியும். அளவு பார்க்கிற ஸ்டிக்கில் வருகிற ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் அதற்காக ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

அப்புறம் ஆயில் கசிவு. சீல் மாற்றினோம், திரும்பக் கசிகிறது, மறுபடி மாற்றினோம் என்று வருபவர்களின் வண்டியில் நான் முதலில், இன்ஜினுக்குள் சேருகிற வாயுவை வெளியே விடுகிற ப்ரீதர் வால்வைத்தான் கழற்றிப் பார்ப்பேன். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, இருக்கிற சீல் வழியாகவெல்லாம் ஆயிலைத் தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. அந்தக் கசிவு, வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குகிற டைமிங் பெல்ட் மேல் படுகிறதா என்று கவரைத் திறந்து பார்த்துவிடுங்கள், ஆயிலில் ஊறிய பெல்ட் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அறுந்துவிடும், பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும். பெல்ட்டுக்கு வருஷக் கணக்கும் உண்டு. வண்டி அதிகம் ஓடவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

அந்த 17 வருஷ வண்டியின் ஹெட்டைக் கழற்றினோம். மற்ற மூன்று பிஸ்டன் தலையும் கரி பிடித்திருக்க, மூன்றாவது மட்டும் பளபளவென்று அலுமினியமாகத் தெரிந்தது. ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்துப் பார்த்ததில் வளைவு இருந்தது. அந்தப் பரப்பைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), புது கேஸ்கெட் போட்டு, ஹெட் போல்ட்டையும் புதிதாக மாற்றி, கம்பெனி சொன்ன வரிசையில் முறுக்கி முடித்தோம். வண்டியை எடுக்க வந்தவர் முன்னால், கூலன்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். வாரம் ஒரு தடவை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொன்னேன். அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது பானெட்டைத் திறந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்தேன், தண்ணீர் அதே இடத்தில் நின்றது.