நாயகனுக்கு ஒரு மதியத் தூக்கம்

வணக்கம் நண்பர்களே. இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு கதையின் மேல் பைத்தியமாகி அதன் பாத்திரங்களை வரைகிறவர்கள்தான், அதனால் ஃபேன் ஆர்ட் பற்றிய அறிமுகமெல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூலக்கதையில் நாயகன் ஓடுகிறான், சண்டை போடுகிறான், நண்பனைப் பறிகொடுத்துவிட்டு அழக்கூட நேரமில்லாமல் அடுத்த சண்டைக்குக் கிளம்புகிறான். நாம் அவனை எப்படி வரைகிறோம்? மடியில் பூனையோடு மதியத்தில் தூங்குகிறவனாக. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறவனாக. விரல் நுனிகூட வெளியே தெரியாத தொளதொள ஸ்வெட்டரில் சுருண்டு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவனாக. கதை அவனுக்குத் தராத ஓய்வை ரசிகர்கள் வரைந்து தருகிறார்கள். எனக்கு ஃபேன் ஆர்ட்டில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். ஆனால் அந்தத் தூக்கத்தை வரைகிறவர் நடுராத்திரியில் கண் எரிய, மணிக்கட்டு வலிக்க, போட்ட படத்துக்கு எத்தனை லைக் வந்திருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அந்த ஓய்வில் பங்கு உண்டு என்று சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கைக்குள் அடங்குகிற ஒரு சுகம். நீடட் இரேசர் என்று ஒன்று இருக்கிறதே, சாம்பல் நிறத்தில், களிமண் மாதிரி. சாதாரண ரப்பர் காகிதத்தைத் தேய்த்துத் தூளை உதிர்க்கும், இது தேய்க்காமலே கிராஃபைட்டை ஒற்றி எடுத்துவிடும். எடுத்தவுடன் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், உள்ளங்கையில் வைத்து இழுத்து மடித்துப் பிசையப் பிசைய இளகி வரும், ஒட்டியிருந்த கருப்பு உள்ளே போய்ப் புது முகம் வெளியே வரும். நுனியை ஊசி மாதிரி உருட்டி, வரைந்து முடித்த கண்ணின் கருவிழியில் ஒரே ஒரு ஒற்று ஒற்றிப் பாருங்கள், அந்த இடத்தில் வெளிச்சம் விழுந்து பாத்திரம் உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். டிஜிட்டலில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் முடிந்தது, தெரியும். நானும் கிரிட்டாவில் வரைகிறவள்தான், இலவசமாகக் கிடைக்கிற அருமையான மென்பொருள் அது, லேயரும் அன்டூவும் இல்லாமல் என்னால் ஒரு பெரிய படத்தை முடிக்க முடியாது. ஆனாலும் பிசைகிற அந்தச் சில நிமிடங்கள் மனசுக்குச் செய்வதை எந்த பிரஷ் செட்டிங்கும் செய்வதில்லை.

பென்சிலும் அப்படித்தான். 1795இல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்டே கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சுடுகிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார், களிமண் கூடினால் பென்சிலின் உள்தண்டு கடினமாகும், குறைந்தால் மெத்தென்று கருப்பாக இழுபடும். பாத்திரத்தின் தலைமுடியை 6பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வரையும்போது கைக்குத் தெரிகிற அந்த வழவழப்பு அந்தக் கலவையால் வருவது.

சரி, ஓவியத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற ஓவியர்கள் எனக்கு நிறையப் பேர் தெரியும். பிடித்த பாத்திரத்தை நூலில் பொம்மையாகப் பின்னிப் பாருங்கள், இத்தனை நாள் முன்பக்கமாகவே பார்த்த அந்தத் தலைமுடி பின்னால் எப்படி முடிகிறது, மேலங்கி தோளில் எங்கே உட்காருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கேள்வியாக வரும், அடுத்த முறை வரையும்போது கைக்குத் தானாகத் தெரிந்திருக்கும். அதற்காகப் பின்னுங்கள் என்று சொல்ல வரவில்லை. பின்னுவது சும்மாவே நன்றாக இருக்கும், இது கூடுதல் லாபம்.

அப்புறம், ஒற்றைக் காகித ஸைன், நாமே செய்கிற குட்டி இதழ். ஒரு தாளை எட்டுக் கட்டமாக மடித்து, நடுவில் இரண்டு கட்டத்தின் நீளத்துக்கு ஒரு வெட்டு வெட்டி மடக்கினால், பசையும் நூலும் இல்லாமலே எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வந்துவிடும். அதில் உங்கள் நாயகனின் ஒரு சோம்பலான ஞாயிற்றுக்கிழமையை வரைந்து ஒரே ஒரு நண்பருக்குக் கொடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1975 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கிய காமிக் மார்க்கெட்டின் முதல் கூட்டத்தில் 32 குழுக்கள்தான், வந்தவர்கள் சுமார் 700 பேர். இன்று லட்சக்கணக்கில் கூட்டம் சேருகிற அந்தச் சந்தை, தாங்களே அச்சடித்த இதழ்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள விரும்பியவர்களால் தொடங்கியது.

அக்டோபர் முழுக்க தினம் ஒரு மைப்படம் என்கிற இங்க்டோபரும் 2009இல் ஜேக் பார்க்கர் என்கிற ஓவியர் தன் மைவேலையைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்த தனிப் பயிற்சிதான். அதைக் கட்டாயக் கணக்காக மாற்றிக்கொண்டு, ஒரு நாள் விட்டுப்போனதற்காக மாதம் முழுக்க வருந்துகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. விட்டுப்போனால் போகட்டும், மறுநாள் வரையுங்கள், இல்லையென்றால் வண்ணப் பெட்டியை எடுத்து எல்லா நிறத்தையும் சின்னச் சின்னக் கட்டமாகப் பூசிப் பெயர் எழுதி வையுங்கள். ஒரு சாயங்காலத்துக்கு அதுவே போதும்.

இன்னொன்றும் கேட்கிறேன். யாருக்கும் காட்டாத ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடற்கூறு தப்பாக இருக்கலாம், ஒரே பாத்திரத்தின் பக்கவாட்டு முகமே பக்கம் பக்கமாக வரலாம், யாரும் காசு கொடுத்து வரையச் சொல்லாத, யாருக்கும் தெரியாத துணைப் பாத்திரமாக இருக்கலாம். படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள். போடுவதற்கு வேறு நோட்டு இருக்கிறது.

நிறையப் பேசிவிட்டேன். இந்த மேசையில் சொரசொரப்பும் வழவழப்புமாக மூன்று வகைக் காகிதம், பென்சில்கள், ஆளுக்கு ஒரு துண்டு நீடட் இரேசர் எல்லாம் வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாத்திரத்தை எங்கேயாவது நிம்மதியாக உட்கார வைத்து வரையுங்கள், நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து பார்க்கிறேன், காட்ட விருப்பம் இருந்தால் மட்டும்.