பேரும் முறையும்

(காரைக்குடியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். போன தை மாதம் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. ஒன்று பங்காளி வீட்டுப் பத்திரிகை. பிள்ளையார் சுழி, சிவமயம் என்று எல்லாம் வழக்கம்போல. மற்ற இரண்டும் கிறிஸ்தவ நண்பர்கள் கொடுத்தவை. ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர். சொல்லிவைத்தாற்போல இருவரும் 126ஆம் சங்கீதத்தின் 3ஆம் வசனத்தையே மேலே போட்டிருந்தார்கள். ஒன்றில் ‘கர்த்தர் நமக்குப் பெரிய காரியங்களைச் செய்தார்’. மற்றதில் ‘ஆண்டவர் நமக்கு மாபெரும் செயல் புரிந்துள்ளார்’. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு என் மகள் வயிற்றுப் பேத்தி கேட்டாள்: “ஐயா, ரெண்டும் வேற வேற சாமியா?”

“இல்லை ஆத்தா” என்று சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அந்த வசனத்தின் எபிரேய மூலத்தில் கர்த்தரும் இல்லை, ஆண்டவரும் இல்லை. நாலே நாலு மெய்யெழுத்து இருக்கிறது. நம் ஒலியில் சொன்னால் ய், ஹ், வ், ஹ். எபிரேய வேதாகமத்தில் ஏறக்குறைய 6,800 இடங்களில் இந்த நாலெழுத்து வருகிறது. அதுதான் கடவுளின் சொந்தப் பெயர். மற்றதெல்லாம் பட்டம். நம்மவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. நம் வீட்டு விலாசம், அதாவது பேருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்து, மூன்று நான்கு எழுத்துதானே? பாட்டன் பூட்டன் பேரெல்லாம் அதற்குள் அடங்கிக் கிடக்கும். தெரிந்தவருக்கு விரியும், தெரியாதவருக்கு வெறும் புள்ளி வைத்த எழுத்து.

அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது? அங்கேதான் சங்கதி. யூதர்கள் பக்தியினால் அதை வாயால் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். எருசலேம் ஆலயத்தில் தலைமைக் குரு மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை பாவக்கழிப்பு நாளில் சொல்வார் என்பது அவர்கள் மரபு. கி.பி. 70இல் உரோமர் அந்த ஆலயத்தை இடித்தார்கள். சொல்லும் இடமும் போயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு என் ஆயா, அதாவது பாட்டி, ஞாபகம் வந்தது. எங்கள் ஐயாவுக்குப் பழநியப்பன் என்று பேர். ஆயா தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்து போனவர்கள். ஆனால் எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். “மலைக்குப் போறோம்” என்பார்கள். புருஷன் பேர் ஊர்ப் பேரில் இருக்கிறதே! ஐயாவைக் குறிக்க “அவுக” என்று ஒரு சொல்தான். வீட்டில் ஆண்கள் பத்துப் பேர் இருந்தாலும் அந்த ‘அவுக’ யாரென்று ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. பக்தியுள்ள யூதர் இன்றைக்கும் பேச்சில் கடவுளை ‘ஹஷேம்’ என்கிறார்கள். ‘அந்தப் பேர்’ என்று பொருள். அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஆயாவின் ‘அவுக’.

வேதத்தை உரக்க வாசிக்கும்போது நாலெழுத்து வந்தால் ‘அதோனாய்’ என்று வாசித்தார்கள். ‘என் ஆண்டவர்’ என்று அர்த்தம். பிற்காலத்தில் உயிர்க்குறி போட்டவர்கள், ‘இங்கே அதோனாய் என்று வாசி’ என்று நினைவூட்ட அந்தச் சொல்லின் உயிர்களை நாலெழுத்தின்மேல் ஏற்றினார்கள். குறிப்பு தெரியாத ஐரோப்பியர் மெய்யையும் உயிரையும் கூட்டிப் படித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘யேகோவா’. ஒருவர் எலும்பில் இன்னொருவர் சதை. ‘யாவே’ என்பது அறிஞர்கள் பிற்பாடு மீட்டெடுத்த ஒலி. அதையும் வழிபாட்டில் சொல்ல வேண்டாம் என்று 2008இல் வத்திக்கானிலிருந்து கடிதம் வந்தது.

ஆக, பேர் மறைந்தது; முறைவைத்துக் கூப்பிடும் சொல்லே நிலைத்தது. அதோனாய் கிரேக்கத்தில் ‘கீரியோஸ்’ ஆயிற்று. தமிழில் ஒருவர் கர்த்தர் என்றார், ஒருவர் ஆண்டவர் என்றார். பேத்தியின் இரண்டு பத்திரிகையும் சுட்டுவது அந்தச் சொல்லாத ஒரே பேரைத்தான்.

இன்னொரு சொல், ‘ஏலோகிம்’. கடவுள் என்று பொருள். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே வருவது. இலக்கணப்படி பன்மை. ஆனால் வினைமுற்று ஒருமை. இதைப் பற்றி மேனாட்டார் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தமிழனுக்கு இதில் என்ன ஆச்சரியம்? ஒரே ஆளை ‘அவர் வந்தார்’ என்று பலர்பாலில் சொல்லித்தானே வளர்ந்தோம்? அது மரியாதைப் பன்மைதானா என்று வாதம் உண்டு. எனக்கு அது சுலபமாக ஒத்துப்போகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கப் புத்தகத்தின் பேர் ‘தம்பிரான் வணக்கம்’. கடவுளுக்கு அதை ஆக்கிய போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் எடுத்த சொல் தம்பிரான். குன்றக்குடி மடத்துப் பக்கம் வாழும் நமக்குத் தம்பிரான் என்றால் காவி கட்டிய துறவி. தம் பிரான், தமக்கு உரிய தலைவர் என்று பிரித்தால் அழகான சொல்தான். ஆனால் நிலைக்கவில்லை. கத்தோலிக்கரிடம் ‘சர்வேசுரன்’ வேரூன்றியது. தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கும் சருவேசுரன் என்றே எழுதினார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி கூப்பிட்ட சொல்லின் உடன்பிறப்பு அது. 1871இல் ஹென்றி பவர் என்ற பாதிரியாரின் குழுவினர் பெயர்த்த வேதாகமம் வந்து ‘தேவன்’ என்பதை நிலைநாட்டியது. பராபரனைப் பழகிய பழைய சபையார் சும்மா விட்டுவிடவில்லை. கூப்பிட்டுப் பழகிய வாய் அல்லவா! கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த 1995இன் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. கடந்தும் உள்ளும் இருப்பவர் கடவுள் என்று மேடையில் சொன்னால் கைதட்டுவீர்கள். சொல்லிலக்கணத்தில் அது நிற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இத்தனை பட்டங்களில் என் மனம் போய் நிற்பது ஒரு கிணற்றடியில். ஆதியாகமம் 16ஆம் அதிகாரம். ஆபிரகாமின் வீட்டில் ஆகார் என்று ஓர் எகிப்திய அடிமைப்பெண். கர்ப்பிணி. எசமானி சாராள் கொடுமை தாங்காமல் பாலைவனத்துக்கு ஓடுகிறாள். ஒரு நீரூற்றுப் பக்கம் கடவுளின் தூதர் அவளைக் கண்டு பேசுகிறார். அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆபிரகாமோ சாராளோ ஒரு தடவைகூட அவளைப் பேர் சொல்வதில்லை. ‘என் அடிமைப்பெண்’, ‘உன் அடிமைப்பெண்’, அவ்வளவுதான். ‘ஆகாரே’ என்று முதலில் கூப்பிட்டது அந்தத் தூதர். உடனே அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? தன்னோடு பேசியவருக்குப் பேர் வைக்கிறாள்: ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’. எபிரேயத்தில் ‘ஏல் ரோயி’. வேதாகமத்தில் கடவுளுக்குப் பேரிட்டதாக முதலில் வருகிறவர் ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை. இவள். அந்தக் கிணற்றுக்கும் அந்தப் பேரே தங்கியது.

நம்முடையது வானம் பார்த்த பூமி. ஊருணிக்கரையில் படிக்கட்டு ஏறி இறங்கிய பெண்கள் இந்தக் கதையை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பெரிய வீடுகளில் வேலைக்கு வந்து, ‘ஏ பிள்ளை’ என்பதைத் தவிர வேறு பேரே கேட்காமல் கிழவியானவர்களும் இங்கே உண்டு. நம் வீடுகளைச் சொல்கிறேன், வேறு யாரையும் இல்லை.

மோசேக்கு வருவோம். அவர் கடவுளிடம் நேராகவே பேரைக் கேட்டார். ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்று பதில் வந்தது. நாலெழுத்தோடு அந்த ‘இரு’ என்னும் வினைக்கு உறவு காட்டுவதுதான் அந்த இடம். பதிலா, பதில் சொல்ல மறுத்ததா என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

சொல்லாத பேர் மனிதர் பேர்களுக்குள் ஒளிந்திருப்பது இன்னொரு வேடிக்கை. எலியா என்றால் ‘யாவே என் கடவுள்’. அல்லேலூயா என்ற துதிச்சொல்கூட ‘யாவைத் துதியுங்கள்’தான்; யா என்பது யாவேயின் சுருக்கம். யோவான் என்றால் ‘யாவே அருள்கூர்ந்தார்’. வீரமாமுனிவர் இதைத் தெரிந்துதான் யோவானைக் ‘கருணையன்’ என்று தமிழாக்கினார். இயேசு என்ற பேரே ‘யாவே மீட்கிறார்’ என்பதன் சுருக்கம். நம் ஊர்ப் பழைய கத்தோலிக்கர் போர்ச்சுகீசிய ஒலியில் ‘சேசு’ என்பார்கள். கிறிஸ்து என்பது பேரல்ல, பட்டம். அபிஷேகம் பெற்றவர், எபிரேயத்தில் மேசியா. மேய்ப்பர், ஆட்டுக்குட்டி, மனுஷகுமாரன் என்று பட்டங்கள் நீளும். அவர் தம்மைப் பற்றி அதிகம் சொல்லிக்கொண்டது கடைசியாகச் சொன்னதைத்தான்.

ஆனால் பிடிபட்ட அந்த இரவில், கெத்செமனே தோட்டத்தில், அவர் நாலெழுத்தையும் சொல்லவில்லை, ஆண்டவரே என்றும் சொல்லவில்லை. மாற்கு 14:36. ‘அப்பா, பிதாவே.’ அப்பா என்பது அரமேயச் சொல். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கிரேக்க வார்த்தையையும் வைத்தார். பவுலும் இரண்டு கடிதங்களில் அப்படியே செய்தார். தமிழில் பெயர்த்தவர்களுக்கு இங்கே வேலையே இல்லை. இந்த ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு தமிழும் அரமேயமும் ஒருதாய் மக்கள் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் உதடு ஒன்றுதான். மழலைச் சொல் என்றும் குறுக்கிவிட வேண்டாம். வளர்ந்த ஆளும் சொல்லும் சொல் அது. அறுபது வயதில் என் தகப்பனாரை ‘அப்பச்சி’ என்றுதான் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட நினைத்ததுகூட இல்லை.

இவ்வளவையும் ஒரு மத்தியானம் பேத்தியிடம் சொல்லி முடித்தேன். “அப்ப சாமி பேரை யாருமே கூப்பிட மாட்டாகளா?” என்று கேட்டாள்.

“உங்க ஆயாவைக் கேளு, என் பேரை என்னைக்காவது கூப்பிட்டிருக்காகளான்னு.”

இரண்டாங்கட்டிலிருந்து குரல் வந்தது: “இவுக பேரா? கூப்பிட்டா வந்திர்றாகளாக்கும்!”