மஞ்சள் பெட்டியும் மரநிழலும்: வேகக் கமராவோடு மோட்டார் சைக்கிள்காரருக்கு என்ன சண்டை?

[திரையில்: அதிகாலைக் கல்லடிப் பாலம். பாலத்திலிருந்து இறங்கி வரும் ஒரு மோட்டார் சைக்கிள்.]

வணக்கம். கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எதிரே வருகிறவரை உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் முன்விளக்கை இரண்டு தடவை மின்னிக் காட்டிவிட்டுப் போகிறார். உங்கள் வலது கை உடனே தளர்கிறது. முன்னால் எங்கோ ஒரு மரநிழலில், வேகம் அளக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி போக்குவரத்துப் பொலிஸார் நிற்கிறார்கள். சொன்னவருக்கு நன்றி சொல்லத் திரும்பினால் அவர் போய்விட்டிருப்பார்.

களுவாஞ்சிகுடியில் என்னோடு படித்து, இப்போது லண்டனுக்கு வெளியே குடியிருக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். "இங்கே அப்படி லைட் அடித்தால் பொலிஸின் கடமைக்கு இடையூறு செய்தாய் என்று வழக்கு வரும் மச்சான், ஆயிரம் பவுண் வரைக்கும் தண்டம்" என்றான். அடிக்கடி நடப்பதில்லை என்றாலும் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அன்று ஆரம்பித்த பேச்சுத்தான் இந்த வீடியோ.

அதிவேக நெடுஞ்சாலைக் கமராவைப் பற்றி மோட்டார் சைக்கிள்காரர் என்ன நினைக்கிறார் என்று இலங்கையில் கேட்க வழியில்லை. 2011இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். அதில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள், அத்தனைக்கும் வாசலிலேயே தடை. ஆகவே கருத்தைப் பிரித்தானியாவில்தான் கடன் வாங்க வேண்டும். அங்கே பெரிய மோட்டார் சைக்கிள்கள் கார்களோடு சேர்ந்து மணிக்கு 70 மைல், அதாவது ஏறக்குறைய 112 கிலோமீற்றர் வேகத்தில் சட்டப்படியே ஓடுகின்றன.

[திரையில்: வீதியோரக் கம்பத்தில் மஞ்சள் பெட்டி. தரையில் வரிசையாக வெள்ளைக் கோடுகள்.]

கமராவின் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. மொரிஸ் கட்சோனிடிஸ் என்பவர் நெதர்லாந்துக்காரர், 1953இல் மொன்டே கார்லோ கார் பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தன் கார் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து, இன்னும் வேகமாக ஓட்டத்தான் அவர் இந்தக் கருவியில் இறங்கினார். அவர் பெயரைச் சுமந்த பெட்டி 1992இல் பிரித்தானிய வீதிகளுக்கு வந்தது. ராடர் அலை வேகத்தை அளக்கும். எல்லை தாண்டினால் அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். அந்த அரை நொடியில் வாகனம் எத்தனை வெள்ளைக் கோட்டைத் தாண்டியது என்று எண்ணினால், ராடர் சொன்னது சரியா என்பதும் தெரிந்துவிடும்.

இந்தப் பெட்டி முதுகுப் பக்கம் படம் எடுக்கும். இன்னொரு வகை முன்னாலிருந்து, சாரதியின் முகத்தோடு எடுக்கும். இரண்டாவது வகையைக் கண்டால் மோட்டார் சைக்கிள்காரருக்குச் சிரிப்பு வரும். பிரித்தானியாவில் 1975க்குப் பிறகு மோட்டார் சைக்கிளுக்கு முன் இலக்கத் தகடு தேவையில்லை. முன் மட்காட்டில் கத்தி போல நின்ற அந்தத் தகடு மோதும்போது பாதசாரிகளை வெட்டிவிடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். முகம் தலைக்கவசத்துக்குள், தகடு பின்னால். கமரா யாரைப் பிடிக்கும்? நியாயம் பேசும்போது என் மச்சான் இந்தச் சலுகையை மட்டும் மறந்துவிடுகிறான்.

சரி, அவர்களுடைய முறைப்பாடு என்ன? பணம் பறிக்கிறார்கள் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. பிடிபட்டால் குறைந்தது 100 பவுண் தண்டம், அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளி. மூன்று ஆண்டுக்குள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓட்டும் உரிமை போகலாம். தண்டம் கட்டுகிற எவனும் எந்த நாட்டிலும் சொல்வதுதான் இது. விட்டுவிடுவோம்.

கண்ணைப் பற்றிய முறைப்பாடு கொஞ்சம் கனமானது. வீதியைப் பார்க்க வேண்டிய கண் வேகமானியையே பார்க்கிறது என்கிறார்கள். ஆனால் வேகமானி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. பொலிஸாரின் வழிகாட்டலும் எல்லைக்கு மேல் பத்து வீதமும் இரண்டு மைலும் விட்டுத்தான் நடவடிக்கையை ஆரம்பிக்கச் சொல்கிறது. 70 மைல் எல்லையில் அது 79. ஒரு மைல் கூடினால் பிடித்துவிடுவார்கள் என்ற நடுக்கம் பெரும்பாலும் வீண்.

என்னை யோசிக்க வைத்தது பிறேக் பற்றிய பேச்சு. எல்லோரும் மணிக்கு 80 மைலில் போகிறார்கள். முன்னால் ஒரு வான். அதன் சாரதி மஞ்சள் பெட்டியைத் திடீரென்று காண்கிறார், காலைப் பிறேக்கில் வைத்து மிதிக்கிறார். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 36 மீற்றர் ஓடிவிடும். பின்னால் வரும் காருக்கு அது நசுங்கிய பம்பரோடு போகலாம். பின்னால் வருவது மோட்டார் சைக்கிள் என்றால் நசுங்குவது ஆள். மச்சான் ஒரு தடவை அப்படி வானின் பின்கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றானாம். பெட்டியைத் தாண்டியதும் வான் மறுபடி பறந்ததாம். ஒற்றை இடத்தில் அளக்கும் கமரா அந்த இடத்தில் மட்டும் எல்லோரையும் நல்லவராக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

[திரையில்: நீண்ட வீதி. இரு முனையிலும் கமரா. நடுவில் ஓடும் கடிகாரம்.]

அதற்கு மாற்றாக வந்தது சராசரி வேகக் கமரா. 1999இல் பிரித்தானியாவில் இறங்கியது. ஒரு முனையில் இலக்கத் தகட்டை வாசிக்கும், மறுமுனையில் மீண்டும் வாசிக்கும். தூரத்தை நேரத்தால் வகுக்கும். இடையில் பிறேக் அடித்து ஏமாற்ற முடியாது. திருத்த வேலை நடக்கும் பகுதிகளில் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். திட்டிக்கொண்டிருந்த பலரும் இதை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், முன்னால் போகிறவர் திடீரென்று மிதிக்கமாட்டார் என்ற நிம்மதி. எல்லோரும் ஒரே வேகத்தில் ஒட்டிப்போவதால் லொறிச் சாரதியின் கண்ணாடிக்குள் விழாத இடத்தில் மாட்டிக்கொள்கிறோம், கொஞ்சம் முறுக்கித் தப்பவும் முடியவில்லை என்பது எஞ்சிய குறை. "வேகத்தைக் குறைத்துப் பின்னுக்கு வந்தாலும் தப்பலாமே" என்று கேட்டேன். மச்சான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் அவன் சொன்ன ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். அதிவேக நெடுஞ்சாலைதான் அங்கே இருக்கும் வீதிகளில் மிகவும் பாதுகாப்பானது. எதிரே யாரும் வருவதில்லை, சந்தி இல்லை, குறுக்கே நடப்பவர் இல்லை. மோட்டார் சைக்கிள்காரர் அதிகம் சாவது நாட்டுப்புற வளைவுகளில்.

அந்த வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஏ-4 வீதிக்கு வாருங்கள். கொழும்பில் புறப்பட்டு, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகிற வீதி. காத்தான்குடியில் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்க, இருபுறமும் கடைத்தெரு. கொஞ்சம் தள்ளினால் பள்ளிக்கூட வாசல், கோயில் வாசல். அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கம் தார் வீதியின் பாதி நெல் காயும் களம். இரவில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம், அதற்குப் பின்னால் கட்டாக்காலி மாடு. இங்கே எங்களுக்கு ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70 கிலோமீற்றர் எல்லை.

இருபது கிலோமீற்றர் வித்தியாசம் பெரிதா? கணக்குப் போடுவோம். ஒரு மாடு 28 மீற்றர் முன்னால் குறுக்கே வருகிறது. கண்டு பிறேக் பிடிக்க ஒரு நொடி. காய்ந்த வீதி, நல்ல ரயர். 50இல் வந்தவர் மாட்டை உரசாமல் நின்றுவிடுவார். 70இல் வந்தவர் பிறேக் பிடிக்கவே 19 மீற்றர் போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்பது மீற்றரில் எவ்வளவு அழுத்தினாலும், மாட்டில் மோதும்போது வேகமானியில் 57, 58 இருக்கும். பக்கத்தில் வந்தவர் முழுதாக நின்ற அதே இடத்தில்.

அப்படியானால் ஊர்ப் பகுதியின் இரு முனையிலும் சராசரிக் கமரா வைத்தால் என்ன? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஐந்து கிலோமீற்றர், எல்லை 50, ஆறு நிமிடத்துக்கு முன் வந்து சேர்ந்தவர் குற்றவாளி. என் தம்பி ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டான்: "அண்ணா, நடுவில் நின்று ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டுப் போனால்?" அந்தக் கமரா அதிவேக நெடுஞ்சாலையில் பிழைப்பதே இடையில் யாரும் நிற்காததால்தான். ஏ-4இல் நூறு ஒழுங்கை, நூறு தேநீர்க்கடை. மரநிழலில் நிற்கும் கருவியோ நேரான வெளி வீதியில் என்னைப் பிடிக்கும். கடைத்தெருவுக்குள் என்னைப் பார்க்காது. போன வருடம் 50இல் போக வேண்டிய இடத்தில் 64இல் பிடிபட்டேன். தவறு என்னுடையதுதான். ஆனால் அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி நான் அதே வேகத்தில் போயிருக்கிறேன், ஒருவரும் நிறுத்தவில்லை.

[திரையில்: இரவு. தலைக்கவசத்தில் பொருத்திய கமராவின் பதிவு.]

இது கடந்த மாதம் நானே எடுத்தது. இரவு ஒன்பதரை, திருக்கோவில் பக்கமிருந்து வருகிறேன். எதிரே வருகிறவர் இரண்டு தடவை விளக்கை மின்னுகிறார். பொலிஸ் என்று நினைத்துக் குறைக்கிறேன், 40க்கு வந்துவிட்டேன். மரநிழலைத் தேடுகிறேன், ஒருவரும் இல்லை. இப்போது திரையின் இடது பக்கம் பாருங்கள், அந்தக் கறுப்புத் திட்டு. சூடு ஆறாத தாரில் ஏழு எருமைகள் படுத்திருக்கின்றன.