எட்டுக் கம்பியும் இரண்டு ரூட்டும்: நெட்வொர்க் அடிப்படை

வணக்கம். கீழ்த்தளத்தில் ஒரு கணினி, மாடியில் ஒரு பிரின்டர், நடுவில் இரண்டு ரவுட்டர். கணினியிலிருந்து பிரின்டரை பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பிக் கேட்டால், பதில் வர வேண்டும். இந்த வீடியோவில் அந்த ஒரு வேலையைத்தான் செய்யப்போகிறோம்.

[திரையில்: மேலுறை உரித்த கேட் 6 கேபிள், அருகில்]

முதலில் கேபிள். உள்ளே எட்டுக் கம்பி இருக்கிறது. அதை நாலு ஜோடியாகப் பார்க்கப் பழகுங்கள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு நிறக் கம்பியோடும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று முறுக்கிக்கொண்டு போகும். ஒரு ஜோடியின் ஒரு கம்பியில் சிக்னல் நேராகப் போகும், மற்றதில் அதுவே தலைகீழாகப் போகும். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால், முறுக்கு இருப்பதால் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். எதிர்முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும். அதனால் கிரிம்ப் செய்யும்போது, அதாவது கம்பிகளைக் கனெக்டரில் செருகி அழுத்தும்போது, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

[திரையில்: ஆர்ஜே 45 கனெக்டர், கிளிப் மறுபக்கம், கேபிள் நம் பக்கம்]

இப்படிப் பிடித்தால் இடதுகோடியில் இருப்பது முதல் பின். டி568பி என்ற நிலையான நிற வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

பச்சை ஜோடியைப் பாருங்கள். 3-லும் 6-லும் பிரிந்து நிற்கிறது, நடுவில் நீலம். 'எதற்கு இந்தச் சுற்று, ஜோடி ஜோடியாகவே வரிசையாகச் செருகினால் என்ன? இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா?' என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படிச் செய்து சாதாரண டெஸ்டரில் போட்டால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு சரியாகவே எரியும். ஆனால் கருவி 3-யும் 6-யும் ஒரு ஜோடி என்று நினைத்துத்தான் சிக்னல் அனுப்புகிறது. நீங்கள் அங்கே ஒரு பச்சைக் கம்பியையும் ஒரு நீலக் கம்பியையும் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றோடொன்று முறுக்கப்படாத கம்பிகள். இரைச்சல் கழியாது. இரண்டு மீட்டர் கேபிளில் ஒன்றும் தெரியாமல் போகலாம், நீளமான கேபிளில் வேகம் படுத்துவிடும். டெஸ்டர் விளக்கு கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும்.

இன்னொரு அறிகுறி: ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறதா? ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 போதும். அப்படியென்றால் நீலத்தையோ பழுப்பையோ முதலில் சந்தேகப்படுங்கள்.

நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவருக்குள் 90, இரு முனைகளிலும் கருவியை இணைக்கும் குட்டிக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கு 10 என்பது வழக்கமான கணக்கு. அப்புறம், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிளை வாங்காதீர்கள். மின்தடை அதிகம், கம்பி சீக்கிரம் முறியும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் கொடுப்பதாக இருந்தால் தொடவே வேண்டாம்.

சரி, லிங்க் விளக்கு எரிகிறது. இனி ரூட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டுவது.

[திரையில்: இரண்டு ரவுட்டர், முகவரிகளுடன்]

கீழ்த்தளம் 192.168.10.0/24, மாடி 192.168.20.0/24. /24 என்றால் முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும், கடைசி எண் கருவியைக் குறிக்கும். கணினி 192.168.10.25, பிரின்டர் 192.168.20.40. கீழ் ரவுட்டர் 10.0.0.1, மேல் ரவுட்டர் 10.0.0.2 என்று ஒரு கேபிளால் இணைந்திருக்கின்றன. இணைய இணைப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கணினி முதலில், அந்த /24-ஐச் சொல்லும் தன் சப்நெட் மாஸ்க்கை வைத்து, பிரின்டர் தன் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்திருந்தால் ஒரே தளத்துக் கருவிகளை இணைக்கும் சுவிட்ச் வழியாக நேரே கொடுத்திருக்கும். இல்லை என்பதால் பாக்கெட்டை, அதாவது அனுப்பும் தரவுத் துண்டை, வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான டீஃபால்ட் கேட்வேயிடம், இங்கே கீழ் ரவுட்டரிடம், தள்ளிவிடும். ரவுட்டருக்குத் தன்னோடு நேரே இணைந்த நெட்வொர்க்குகள் மட்டும்தான் தானாகத் தெரியும். 20-ஆம் நெட்வொர்க் எங்கே என்று நாம்தான் எழுத வேண்டும்: 192.168.20.0/24-க்கு அடுத்த நிறுத்தம் 10.0.0.2. இந்த வரிதான் ரூட். முழு வழியும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

எழுதிவிட்டோம். பிங் செய்கிறோம். பதில் இல்லை!

இந்த இடத்தில் பலர் மறுபடி கேபிளைப் பிடுங்கிச் செருக ஆரம்பிப்பார்கள். திரையில் வந்த செய்தியைப் படியுங்கள். கீழ் ரவுட்டரில் ரூட்டே இல்லையென்றால், 'டெஸ்டினேஷன் அன்ரீச்சபிள்' என்று அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால், பாக்கெட் பிரின்டர் வரை போய், பதில் திரும்ப வழியில்லாமல் தொலைந்திருக்கலாம். மேல் ரவுட்டருக்குக் கீழ்த்தளத்து 192.168.10 நெட்வொர்க்கைப் பற்றி நாம் எதுவுமே சொல்லவில்லையே! அதில் எழுதுங்கள்: 192.168.10.0/24-க்கு அடுத்த நிறுத்தம் 10.0.0.1.

இப்போதும் வரவில்லையா? பிரின்டரின் நெட்வொர்க் மெனுவுக்குப் போய்க் கேட்வேயைப் பாருங்கள். ஐபி முகவரியைக் கையால் போட்டவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். மாடியில் இருப்பவர்களுக்கு அச்சு வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மேல் ரவுட்டரின் மாடிப்பக்க முகவரி 192.168.20.1 என்றால் அங்கே அதைப் போட்டுச் சேமியுங்கள்.

[திரையில்: பிங் பதில்கள் வரிசையாக வருகின்றன]