கடைக்கால் போடும்போதே கூப்பிடுங்கள்

வணக்கம் நேயர்களே. நடுவில் தாள் உரசுகிற சத்தம் கேட்டால் உங்கள் ரேடியோவில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். அது என் பிரெயில் தாள். கொஞ்சம் தடிமன் ஜாஸ்தி. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஏழு வயதிலிருந்து பார்வை கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்கிற கருவிகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம் எனக்குப் போதாது என்பது என் பழைய மாணவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் நாலு ஜோடி செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்கும். இன்ஜினியரிங் கல்லூரியின் கடைசி வருடப் பிள்ளைகள். "சார், ஸ்மார்ட் ஸ்டிக் செஞ்சிருக்கோம் சார். எதிர்ல எது வந்தாலும் பீப் அடிக்கும்" என்பார்கள். இதுவரை பதினொரு ஸ்டிக் பார்த்துவிட்டேன், எண்ணி வைத்திருக்கிறேன். பிவிசி பைப், அதில் ஒரு சென்சார், ஒரு பேட்டரி, எல்லாவற்றையும் சுற்றி இன்சுலேஷன் டேப். ஐந்து நிமிடம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும்.

எங்கள் கூடத்திலேயே நடக்க வைப்பார்கள். நாலு எட்டு வைத்ததும் பீப். "சுவர் சார்!" என்று ஒரு பையன் சந்தோஷமாகச் சொல்வான். அந்தச் சுவர் அங்கே இருப்பது எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். நான்தான் கட்டினேன்.

சரி, தெருவுக்குப் போவோம் என்று கூட்டிப்போவேன். அங்கேதான் வேடிக்கை. நிறுத்தி வைத்த பைக்குக்குப் பீப், மாட்டுக்குப் பீப், எதிரே வருகிற பாட்டிக்குப் பீப். கடைத்தெருவில் திரும்பினால் அது வாயே மூடாது. நான் தெருவைக் கடப்பது காதை வைத்து. பஸ் எங்கே உறுமிக்கொண்டு நிற்கிறது, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் எந்தப் பக்கம், இதெல்லாம்தான் எனக்கு வழி. அந்தக் காதை அடைத்துவிட்டு வழி காட்டுகிறேன் என்கிறது கருவி.

அதைவிட, எதிரே பார்க்கிற சென்சாருக்குக் கீழே இருப்பது தெரியாது. சாக்கடை மேல் ஒரு ஸ்லாப் காணாமல் போயிருந்தால், என் சாதாரண வெள்ளைக்கோல் அந்த ஓட்டையில் சடக்கென்று இறங்கும், நான் நின்றுவிடுவேன். இவர்களுடைய ஸ்டிக், பீப் கூட அடிக்காமல் என்னை உள்ளே அனுப்பிவிடும். ஒரு வருடம் கிட்டத்தட்ட அனுப்பிவிட்டது.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஒரு பெண் மட்டும் ஒரு தடவை கேட்டாள்: "அப்போ உங்களுக்கு என்னதான் சார் வேணும்?" பதினொரு ஸ்டிக்கில் இந்தக் கேள்வி ஒரே ஒரு தடவைதான் வந்தது. சொன்னேன். என் நெற்றியில் இடது பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பி கொடுத்தது. அந்தக் கம்பி சாய்வாக வரும். கீழே கோல் தாராளமாகப் போய்விடும், மேலே முகம் போய் மோதும். கடைக்காரர் இறக்கிவிட்ட தகர ஷீட்டும் அப்படித்தான், லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே கோல் பார்த்துக்கொள்ளும். இடுப்புக்கு மேலேதான் எனக்கு ஆள் தேவை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போயிடுச்சு சார்."

நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டைக் கட்டி முடித்துப் பால் காய்ச்சுகிற அன்றைக்கு எங்களைக் கூப்பிடுகிறீர்கள். கடைக்கால் போடும்போது கூப்பிடுங்கள். வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று அப்போது சொன்னால்தானே மாற்ற முடியும்?

அப்படிச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. டெல்லி ஐஐடியில் இதேபோல மாணவர் புராஜெக்டாகத் தொடங்கியதுதான் 2014ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன். பார்வையற்றவர்களோடு உட்கார்ந்து, நடந்து, திருத்தி, வருடக்கணக்கில் வேலை செய்தார்கள். சக்‌ஷம் என்ற அமைப்பின் திபேந்திர மனோச்சா, அவரும் பார்வையற்றவர், அதில் கூடவே இருந்தார். என்ன வந்தது பாருங்கள்: முழங்காலிலிருந்து தலை வரை இருக்கிற தடையைத்தான் அது தேடுகிறது. பீப் கிடையாது, கைப்பிடி அதிரும். காது காதாகவே இருக்கும். முக்கியமாக, கோலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதே வெள்ளைக்கோலின் மேல் பகுதியில் மாட்டிக்கொள்ளலாம். தயாரித்தது சென்னை கம்பெனி. ஸ்டே கம்பி எங்கள் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

வரலாற்று வாத்தியார் புத்தி, ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லிவிடுகிறேன். பார்பியே என்ற பிரெஞ்சுக்காரர், பார்வையுள்ளவர், பன்னிரண்டு புள்ளி வைத்து ஒரு தடவி வாசிக்கும் எழுத்து செய்தார். யோசனை அருமை. ஆனால் பன்னிரண்டு புள்ளி ஒரு விரல் நுனிக்குள் அடங்காது, மேலும் கீழும் தேட வேண்டும். அதை ஆறு புள்ளியாகச் சுருக்கியது லூயி பிரெயில், 1824ல், பதினைந்து வயதுப் பையன். விரல் அவனுடையது, அதனால் தெரிந்தது. இப்போது நான் வாசித்துக்கொண்டிருப்பது அந்த ஆறு புள்ளிதான்.

விரல் என்றதும் ரூபாய் நோட்டு ஞாபகம் வருகிறது. பக்கத்தில் பர்ஸ் இருந்தால் ஒரு புது நூறு, ஒரு இருநூறு, ஒரு ஐந்நூறு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அகலம் மூன்றுக்கும் 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. நாலு நாலு மில்லிமீட்டர், ஒரு உளுந்து கிடக்கிற இடம். பழைய நூறுக்கும் பழைய ஐந்நூறுக்கும் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது, விரலிடுக்கில் மடித்தே சொல்லிவிடுவேன். ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடுகள் இருக்கிறதே என்பீர்கள். மீன் கடை, பஸ் கண்டக்டர் என்று நாலு கை மாறினால் கோடு தேய்ந்துவிடும். 2020ல் ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு செயலி விட்டது, கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். நல்லதுதான். ஆனால் காய்கறிக் கடை வரிசையில் பின்னால் ஆறு பேர் நிற்கும்போது போனை எடுத்து, நோட்டை விரித்து, வெளிச்சம் பார்த்து... விரல் செய்த வேலைக்கு இவ்வளவு ஏற்பாடு.

கம்ப்யூட்டர் கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கம்ப்யூட்டரை விட, அதில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருள் விலை அதிகமாக இருந்த காலத்தில், 2006ல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர், தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். என்விடிஏ என்று பெயர். நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவர். இன்றைக்கும் இலவசம். தமிழும் வாசிக்கும். என் பென்ஷன் கணக்கை...

தயாரிப்பாளர் என் முழங்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டார். இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுவார்களாம். எனக்கு எப்படி என்று உள்ளே வந்ததும் அவரே கேட்டார், இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்தோம். அரை நிமிட வேலை.

அப்போ சட்டத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006ல் வந்தது, இந்தியா 2007ல் ஏற்றது. எங்களைப் பாதிக்கும் முடிவுகளில் எங்கள் அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும் என்று அதில் நாலாவது பிரிவிலேயே இருக்கிறது. அதை ஒட்டித்தான் நம் 2016ம் வருடச் சட்டம். ஆராய்ச்சிக்கென்று எங்களைக் கூப்பிடுகிறவர்கள் ஆட்டோ காசும் அரை நாள் சம்பளமும் கொடுங்கள். டீயும் சர்டிபிகேட்டும் போதாது. ஒரு இடத்தில் நான் சொன்ன திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கட்டுரையில் என்னைப் 'பயனர் 4' என்று போட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது.

ஒரு தட்டு. அவ்வளவுதான். அடுத்த பிப்ரவரியில் வரப்போகிற பிள்ளைகளே, ஜூலையில் வாருங்கள். சென்சார் எதுவும் வாங்காமல் வாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை இரண்டு ஸ்டே கம்பி, மூன்று ஸ்லாப் ஓட்டை. சேர்ந்து நடந்து பார்ப்போம். வணக்கம்.