வடையின் ஓட்டையும் விட்டனின் கணக்கும்

தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, தேநீர் கொடுத்து வரவேற்ற கணிதத் துறை நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் ஐயாவுக்குத் தனி நன்றி.

‘ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி’ என்பார்கள். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. துகள்களை ஜோடி சேர்த்துப் பார்க்கும் இயற்பியலின் சூப்பர்சிமெட்ரியும், பிய்க்காமல் உருமாற்றினால் எது மாறாது என்று பார்க்கும் கணிதத்தின் ஹோமோடோபியும் சந்திக்கிற இரண்டு இடங்களைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலாவது. ஒரு கல்லூரி கேண்டீனில் இயற்பியல் மாணவர் ஒருவரும் கணித மாணவி ஒருவரும் என் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். தட்டில் ஒரு மெதுவடை. அந்தப் பெண் அதைச் செங்குத்தாக நிறுத்தினார். "ஐயா, அடியில் ஒரு பள்ளம், உச்சியில் ஒரு முகடு, ஓட்டையின் கீழும் மேலும் ஒவ்வொரு கணவாய். பள்ளத்தையும் முகட்டையும் கூட்டிக் கணவாய்களைக் கழித்தால் பூஜ்யம்" என்றார். லட்டு என்றால்? "கணவாயே கிடையாது. விடை இரண்டு." அமுக்கினாலும் இழுத்தாலும், பிய்க்காதவரை, இந்த விடை மாறாது. இதுதான் ஆய்லர் எண்.

அந்தப் பையன் கையில் எடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டார். "ஐயா, இதே கணக்கு எங்களிடமும் இருக்கிறதே!" துகள்கள் போசான், ஃபெர்மியான் என இரண்டு வகை. சூப்பர்சிமெட்ரியில், பூஜ்யத்துக்கு மேலான ஆற்றலுள்ள ஒவ்வொரு போசான் நிலைக்கும் அதே ஆற்றலில் ஒரு ஃபெர்மியான் ஜோடி உண்டு. பூஜ்ய ஆற்றலில் மட்டும் ஜோடியில்லாமல் நிற்கலாம். அங்கே போசான்களிலிருந்து ஃபெர்மியான்களைக் கழித்தால் வருவதும் அசையாத எண். வடையின் மேற்பரப்பில் ஓடும் துகளுக்கு அது வடையின் ஆய்லர் எண்ணேதான். 1982இல் எட்வர்ட் விட்டன் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் பிணைத்தார். கணிதத்தின் பெரும் பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1990இல் பெற்ற முதல் இயற்பியலாளரும் அவரே.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், துகள்களை மோதவிடும் கருவியில் சூப்பர்சிமெட்ரித் துகள் ஒன்றுகூட இதுவரை சிக்கவில்லை. சட்டி ஓட்டையாகவே இருக்கட்டும், கொழுக்கட்டை வெந்துவிட்டது ஐயா!

இரண்டாவது, ஸ்டோல்ஸ், டைக்னர் என்ற இரு கணிதவியலாளர்களின் ஊகம். இருபரிமாண சூப்பர்சிமெட்ரிக் கோட்பாடுகளை அறுக்காமல் உருமாற்றி வகைப்படுத்தினால், 576 படிக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒரு ஹோமோடோபி அமைப்பு கிடைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குள் போவதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

கேண்டீனில் பார்த்த அந்த மாணவர்கள் இருவரும் ஒரே மாடியில் மூன்று வருஷம் படித்தவர்கள். இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு இரும்பு கேட், அதில் பூட்டு. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள்! இந்தக் கல்லூரியில் அப்படி வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம், இரு துறை மாணவர்களும் சேர்ந்து, தமிழில் ஒரு வகுப்பு. மனுவை முதல்வர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். கால அட்டவணையையும் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இரண்டு துறைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.